இடம் விட்டுப் பாடியவள்

“நல்லா இருக்கும்மா. யாரு பாடப் போறாங்க?” என்று நிரஞ்சனா காலையில் கேட்டாள், தோசையின் ஓரத்தைக் கிள்ளிச் சட்னியில் தோய்த்தவாறே. தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறிச் சன்னலோரமாகத் தமயந்தி அமர்ந்த இந்த மதிய வேளை வரைக்கும், அந்தக் கேள்வி எங்கும் இறங்கிக்கொள்ளாமல் அவளோடே வந்துகொண்டிருந்தது. மகள் ஏளனமாகக் கேட்கவில்லை. ஏளனமாகக் கேட்டிருந்தால் அதற்கொரு பதில் இருந்திருக்கும். பத்தொன்பது வயதுப் பெண், கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், அம்மாவின் கைப்பேசியிலிருந்து வந்த பாட்டுக்குத் தலையை ஆட்டியபடி, நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுவந்த கேள்வியையே கேட்டாள். அம்மா பாடியது வீட்டில் ஒலித்தால் அடுத்து வரவேண்டிய கேள்வி அதுதான். பாடகி பத்மஜா மேடமா, வேறு யாராவதா, எந்தப் படம், எப்போது வரும். “நான்தான்டி,” என்றாள் தமயந்தி, தோசைக்கரண்டியைக் கல்லின் மேலேயே நிறுத்தி. “நீதான் ட்ராக் பாடியிருக்கேன்னு தெரியுதும்மா. ஃபைனல் யாரு?” “ஃபைனலும் நான்தான். இது என்னோட ஆல்பம்.” நிரஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள், வாயிலிருந்த தோசையை மெல்ல மறந்தவளாய் ஒரு கணம் இருந்தாள், பிறகு, “ஐயோ, அந்த ஆல்பமா! சாரிம்மா, சாரி சாரி,” என்று எழுந்து ஓடிவந்து, சட்னிக் கை புடவையில் படாதபடி முழங்கைகளால் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டது உண்மையான அன்புதான். ஆனால் கேட்டதும் உண்மையாகத்தான் கேட்டாள். கட்டிக்கொண்டதனால் கேட்டது இல்லையென்று ஆகிவிடுமா? கல்லில் இருந்த தோசை கருகிப்போயிற்று. அதைத் தமயந்தியே தின்றாள்.

ட்ராக் பாடுவது என்றால் என்னவென்று, திருமணமான புதிதில், மாமியாருக்கு அவள் விளக்கியதுண்டு. திரைப்படத்திற்கு ஒரு பாட்டு உருவாகும்போது, பெயர்பெற்ற பாடகி வந்து சேருவதற்குமுன், மெட்டும் சொல்லும் இன்னவென்று காட்டுவதற்கு ஒருத்தி பாடி வைப்பாள். அதைக் கேட்டுப் பெரிய பாடகி கற்றுக்கொண்டு பாடுவார். அவர் பாடி முடித்ததும் முன்னவளின் குரலை அழித்துவிடுவார்கள். மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டே, “அப்ப நீ கோலத்துக்குப் புள்ளி வெக்கிறவ,” என்றார். அன்று எல்லாரும் சிரித்தார்கள், தமயந்தியும் சிரித்தாள், இருபத்தைந்து ஆண்டுகளில் யாரும் அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. புள்ளி வைப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இசையமைப்பாளரின் உதவியாளர் சேஷாத்ரி சார் முதல் நாளே அந்த ஒழுங்கைக் கற்பித்துவிட்டார். ஒலிப்பதிவறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவருடைய குரல் காதுக்குள் வரும்: “ப்ளெய்னா குடும்மா. உன் சங்கதியெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாடிக்கோ. நீ வளைச்சு வச்சேன்னா மேடம் எங்க வளைப்பாங்க? அவங்களுக்கு இடம் விட்டுப் பாடு.” இடம் விட்டுப் பாடு. வரியின் முடிவை இழுக்காதே, அவர் இழுப்பார். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்காதே, அவர் சிரிப்பார். சோற்றுக்கு உப்புப் போடாமல் இறக்கி வைப்பதுபோல் பாட்டை இறக்கி வைக்கவேண்டும். அதில் அவள் தேர்ந்தாள். “தமயந்தி ட்ராக்குன்னா கண்ணாடி மாதிரிடா, எந்த மூஞ்சியும் வச்சுக்கலாம்,” என்று சேஷாத்ரி சார் மற்றவர்களிடம் சொன்னார். அந்தப் பாராட்டை அவள் ஒரு வாரம் மனத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதை நினைக்கவே கூசுகிறது.

குரோம்பேட்டையில் வண்டி நின்றது. மடியில் அரைக் கிலோ மைசூர்பாகுப் பெட்டி இருந்தது, ஜெரால்டுக்கு. கோடம்பாக்கத்தில், ஒரு தையல் கடையின் மாடியில், சுவரெங்கும் பஞ்சுத் தகடு ஒட்டிய சிறிய அறையில், கிட்டார் வாசித்து, மரப்பெட்டியைக் கையால் தட்டித் தாளம் சேர்த்து, சீழ்க்கையும் தானே அடித்து, எட்டுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து கொடுத்தவன் அவன்தான். இன்றிரவு அவன் கொழும்புக்குப் புறப்படுகிறான். ஓர் இசைக்குழுவோடு ஆறு மாதம். அறையைக் காலி செய்கிறான். “மூணு மணிக்குள்ள ஓகே சொல்லிடுங்கக்கா. நெட்ல ஏத்திட்டேன்னா வெள்ளிக்கிழமை காலைல உலகம் பூரா கேக்கும். ஏத்தினதுக்கப்புறம் அதுல கை வைக்க முடியாது. எதாச்சும் மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க, இல்லேன்னா நான் வந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்,” என்று நேற்றிரவு முடிவான வடிவத்தை அனுப்பிவிட்டுச் சொன்னான். வந்ததுக்கப்புறம் என்பதற்கு என்ன பொருளென்று தமயந்திக்குத் தெரியும். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று யார் யாரோ சொன்ன எதையும் ஆறு மாதம் கழித்து யாரும் பார்த்ததில்லை. காலைவரை எல்லாம் முடிவாகித்தான் இருந்தது: மைசூர்பாகு வாங்குவது, மாடி ஏறுவது, சரி என்று சொல்வது. நிரஞ்சனாவின் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். இப்போது காதில் இயர்போனைச் செருகி, தன் பாட்டைத் தானே ஓர் அயலாளைப்போல் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள். ஆல்பத்தின் பெயர் இளவெயில். முதற்பாட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்தும் பாட்டு. ‘காயப்போட்ட சேலைக்குள்ளே காத்து வந்து வீடு கட்டுது’ என்று தொடங்கும். கிட்டார் நன்றாக இருக்கிறது. சீழ்க்கை அதைவிட நன்றாக இருக்கிறது. ஒரு பையன் கவலையின்றி மிதிவண்டியில் போவதுபோல் இருக்கிறது. அப்புறம் ஒரு பெண்குரல் வருகிறது. சுருதி சுத்தம். சொல் சுத்தம். ‘வீடு கட்டுது’ என்ற இடத்தில் ‘து’வைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது, யாரோ பின்னால் வந்து அதை நீட்டிக்கொள்வார்கள் என்பதுபோல. தமயந்தி மறுபடியும் அந்த இடத்தைக் கேட்டாள். ஆம், நகர்ந்துவிடுகிறது. பேருந்தில் பெரியவர் ஏறினால் தானாக எழுந்து நிற்கிற கால்களைப்போல, கேட்பவர் இல்லாமலே அது எழுந்து இடம் கொடுக்கிறது.

ஜெரால்டு இதைக் கவனிக்காமல் இருந்தானா? கவனித்தான். மூன்றாவது பாட்டின்போதோ நான்காவதின்போதோ, “அக்கா, கொஞ்சம் உங்க ஸ்டைல்ல ஒண்ணு குடுங்களேன்,” என்றான். “இதுதாம்ப்பா என் ஸ்டைல்,” என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவன், “அதுவும் சரிதான், இந்த மாதிரி பாட்டுக்கு மெத்துன்னு இருந்தா நல்லாத்தான் இருக்கும்,” என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். மெத்தென்று. கணவர் சுந்தரமூர்த்தி அதையும் சொல்லவில்லை. “இந்த வயசுல எதுக்கு வெயில், காத்து, மொட்டைமாடின்னு? ஒரு அம்மன் பாட்டு போட்டேன்னா ஆடி மாசம் தெருவுக்குத் தெரு ஓடும்ல,” என்றார். நல்ல மனிதர், தினமும் இரவு அவளுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டைக்குக் கொடுப்பவர் அவர்தான், யாருடைய பாட்டுக்காக அந்தத் தொண்டையைக் காப்பாற்றுகிறோம் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் பல்லாவரத்தில் ஏறி அமர்ந்தார்கள். ஒருத்தி கைப்பேசியை உற்றுப் பார்த்துவிட்டு, “எடுக்கமாட்டா. என் நம்பர்னா மட்டும் அவ போனுக்குக் காது கேக்காது,” என்றாள். மற்றவள், “மருமக எடுக்கலேன்னா மகனுக்குப் பண்ணு,” என்றாள். “அவன் எடுப்பான். எடுத்து அவகிட்டயே குடுப்பான்.” இருவரும் சிரித்ததில் இருக்கை குலுங்கிற்று. அந்தச் சிரிப்பில் யாருக்கும் இடம் விடப்படவில்லை. அவர்கள் வாய் நிறையச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தி இருமினாள். அந்த இருமலும் அவளுடையதாகவே இருந்தது. இதென்ன பைத்தியக்காரத்தனம், இருமலில்கூட ஆளைத் தேடுவது என்று தமயந்தி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரிசூலம் மலை வெட்டுண்ட பக்கத்தில் வெயில் வெள்ளையாக அடித்தது. இந்தப் பாட்டுகளெல்லாம் வெயிலில்தான் பிறந்தன. ஒலிப்பதிவுக் கூடத்தின் முகப்பில், வாகனங்கள் நிறுத்துமிடத்திற்கு எதிரே, ஒரு சிமெண்டு மேடை இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்குக்கு அழைப்பார்கள். இடைப்பட்ட நேரத்தை அந்த மேடையில் கழிக்கவேண்டும். வயலின்காரர்கள் வந்து டீ குடித்துப் போவார்கள். ஓட்டுநர்கள் காரின் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. எண்ணெய் தடவிய பின்னலின் நுனி சூடாகும் அளவுக்கு முதுகில் வெயில் விழும். அந்தச் சூட்டில், காரணமே இல்லாமல், ஒரு மகிழ்ச்சி வரும். யாருக்கும் சொல்லமுடியாத, சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றுகிற மகிழ்ச்சி. அதைத்தான் அவள் மெட்டாக முணுமுணுத்தாள். டீக் கடைக்காரர் கொடுத்த அரைக் கிளாஸ் டீயைப் பற்றி ஒரு பாட்டு. பேருந்தின் சன்னலோரத்தைப் பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்திற்குள் வந்து மாடிப்படியில் படுத்துக்கொள்ளும் நாயைப் பற்றி ஒன்று. எட்டுப் பாட்டில் ஏழு அந்த மேடையில் முளைத்தவை. உள்ளே அழைக்கப்பட்டதும் எழுந்து போய், அந்த மகிழ்ச்சியை மேடையிலேயே விட்டுவிட்டு, உப்பில்லாமல் பாடிவிட்டு வருவாள். அப்போதெல்லாம் அது அங்கேயே இருந்தது. திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளலாம். புரசைவாக்கத்தில் பக்திப் பாட்டுக் கேசட் போடுகிற வேலாயுதம் என்பவர் ஒருமுறை அவள் முணுமுணுப்பதைக் கேட்டு, “இன்னொரு தரம் பாடும்மா,” என்றார், இன்னும் இரண்டைப் பாடச் சொன்னார், “ஜிலுஜிலுன்னு இருக்கும்மா. பசங்க வாங்குவாங்க. வெள்ளிக்கிழமை காலைல வா, நல்ல நாளு, பேசி முடிச்சிருவோம்,” என்றார். வெள்ளிக்கிழமை காலையில், வீட்டுக்காரரின் தொலைபேசிக்குச் சேஷாத்ரி சாரிடமிருந்து அழைப்பு வந்தது. “உடனே வா, வாத்தியமெல்லாம் உக்காந்தாச்சு.” அவள் போனாள். தன் பாட்டு நாளைக்கும் இருக்கும். அவர்களுடைய பாட்டு காத்திருக்காது. எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நியாயமாக அன்று அது தோன்றிற்று! செவ்வாய்க்கிழமை புரசைவாக்கத்துக்குப் போனபோது வேலாயுதம் முகத்தில் கோபம்கூட இல்லை. “நீ வரலையா, நான் ஐயப்பன் பாட்டுக்கு இறங்கிட்டேம்மா. தை மாசம் பாப்போம்.” தையில் அந்தக் கடையில் வேறொருவர் பாத்திரம் விற்றார். அந்த வெள்ளிக்கிழமை அவள் பாடிய பாட்டுக்குப் பத்மஜா மேடம் வரவே இல்லை; படம் நின்றுபோயிற்று. அந்தக் குரலை யாரேனும் அழித்தார்களா, அழிக்க மறந்தார்களா, அதுகூடத் தெரியாது.

மீனம்பாக்கமும் பழவந்தாங்கலும் எப்போது கடந்தன? ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சன்னலோரப் பாட்டு. இதில் ஒரு வளைவு இருந்திருக்கவேண்டும். ‘எறங்குற எடம் தாண்டிப் போயிருச்சு’ என்ற வரியில், தாண்டி என்பதில், குரல் மேலே ஏறிப் பக்கவாட்டில் ஒரு சறுக்குச் சறுக்கி வரும். இருபத்தாறு வயதில் அப்படித்தான் முணுமுணுத்தாள். அந்தச் சறுக்கலை ஒருமுறை, சேஷாத்ரி சார் சொல்லியும் கேளாமல், வேறொரு படத்தின் ட்ராக்கில் வைத்துவிட்டாள். எப்படி நுழைந்ததென்று அவளுக்கே தெரியாது, நாக்கு நழுவியதுபோல் நுழைந்துவிட்டது. பத்மஜா மேடம் அதை அப்படியே, நூல் பிசகாமல், பாடிவிட்டார். பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. ஒரு பொங்கலன்று தொலைக்காட்சியில் மேடம் அதை மேடையில் பாட, அந்த இடம் வந்ததும் கூட்டம் கத்திற்று. மேடம் கையை உயர்த்தி மறுபடியும் அந்த இடத்தை மட்டும் பாடிக் காட்டினார். சுந்தரமூர்த்தி கரும்பைக் கடித்துக்கொண்டே, “அந்த இடம் சூப்பர்ல?” என்றார். சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்த தமயந்தி, “ம்,” என்றாள். என்னுடையது என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால் நம்பியிருப்பார். நம்பி, மாமியாரை அழைத்து, மைத்துனரைக் கைப்பேசியில் அழைத்து, எல்லாரிடமும் சொல்லியிருப்பார். அப்புறம் அவளைப் பாடிக் காட்டச் சொல்லியிருப்பார்கள். பாடியிருந்தால், மேடம் மாதிரியே இருக்கிறது என்று பாராட்டியிருப்பார்கள். அதற்கு அஞ்சித்தான் ‘ம்’ என்றாள். அந்த அச்சம் அன்றே தெளிவாக இருந்ததா, இப்போதுதான் அதற்கு உருவம் கிடைக்கிறதா? எப்படியோ, இன்று தன் சொந்தப் பாட்டில், தன் சொந்த வரியில், அந்தச் சறுக்கலை அவள் வைக்கவில்லை. வைத்தால் பத்மஜா மேடத்தைப் பார்த்து எடுத்தது என்பார்கள் என்று குரல் தானாகவே பின்வாங்கியிருக்கவேண்டும். ‘தாண்டி’ என்பது தட்டையாக வந்து தட்டையாகப் போயிற்று. பரங்கிமலையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். தமயந்தி மைசூர்பாகுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்து அமர்ந்தாள். நகர்ந்த பிறகுதான் நகர்ந்ததை உணர்ந்தாள். இருக்கையில் ஏற்கெனவே வேண்டிய அளவு இடம் இருந்தது. “உக்காருங்கக்கா, பரவால்ல,” என்றாள் அந்தப் பெண்.

சைதாப்பேட்டை தாண்டி வண்டி நின்றுவிட்டது. முன்னே சைகை விழவில்லை போலும். மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை, எதிர் இருக்கைக்காரி, “இங்கதான் நிறுத்துவான், தினமும் இதே எடம்,” என்று யாருக்கோ சொன்னாள். ஏழாவது பாட்டு. எல்லாப் பாட்டிலும் ஒரே குரல், ஒரே பணிவு, ஒரே தூய்மை. அழகாகப் பெருக்கி, கோலமிட்டு, பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் வைத்து, விருந்தாளிக்குக் காத்திருக்கிற வீட்டைப்போல. யாருக்காகக் காத்திருக்கிறது? பத்மஜா மேடம் இதைப் பாடமாட்டார். அவருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. வேறு யாருமில்லை. அப்படியானால் இந்த இடத்தை யாருக்கு விட்டாள்? இந்தக் கேள்வியின் முன் மனம் வண்டியைப்போலவே நின்றது; நின்று, மெதுவாக, சிமெண்டு மேடையின் பக்கம் திரும்பிற்று. அங்கே ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். பின்னல் சூடாகிறது. கையில் அரைக் கிளாஸ் டீ. இந்தப் பாட்டுகள் அவளுடையவை. அவளுக்கு வந்த மகிழ்ச்சி இது. தமயந்திக்கு நினைவிருக்கிறது, அவ்வளவே. வழி தெரியும், ஆனால் வீடு தனதில்லை. தையல் கடை மாடியில் நின்று எட்டு வாரம் அவள் பாடியது அந்தப் பெண் வந்து பாடுவதற்கான ட்ராக். அவள் வந்து ‘தாண்டி’யில் சறுக்குவாள், ‘கட்டுது’வை நீட்டுவாள், நாயைப் பற்றிய பாட்டில் சிரித்துவிடுவாள். அவள் வரமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வேறெங்கோ போய்விட்டாள். தமயந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றுமில்லை. “தலைவலியாக்கா?” என்று கைக்குழந்தைக்காரி கேட்டாள். “இல்லம்மா, வெயிலு,” என்றாள். குழந்தை அவளுடைய இயர்போனின் கம்பியைப் பிடித்து இழுத்தது. ஒரு காதிலிருந்து பாட்டு கழன்று விழுந்தது. அந்தக் காதில், நின்ற வண்டியின் முனகலும் பெண்களின் பேச்சும் சட்டென்று உரக்கக் கேட்டன.

மீண்டும் பாடினால்? எட்டையும் நிறுத்திவைத்து, ஆறு மாதம் கழித்து, புதிதாக, அழுத்தமாக, இடம் விடாமல் பாடினால்? அந்த எண்ணம் எழுந்தவுடனே அதற்கடியில் இன்னோர் அச்சம் தலை நீட்டிற்று. காலையிலிருந்து அதைத்தான் அவள் பார்க்காமல் ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இடம் விடாமல் பாடு என்றால், எதை வைத்து அந்த இடத்தை நிரப்புவது? உப்பைச் சேர்க்காமல் சேர்க்காமல் உப்பு இருந்த ஜாடியே எங்கே என்று தெரியாமற் போயிருந்தால்? மூடியைத் திறந்து ஒன்றுமில்லை என்று காண்பதைவிட, இருக்கிறது ஆனால் போடவில்லை என்று எண்ணிக்கொண்டு இருப்பது எவ்வளவோ மேல். இந்த ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவரும். நாற்பது ஐம்பது பேர் கேட்பார்கள். இனிமையாக இருக்கிறது, இதமாக இருக்கிறது என்பார்கள். உண்மையில் இதமாகத்தான் இருக்கிறது. மாலை டீயோடு கேட்கலாம். அதில் ஆள் இல்லை என்பது, பாடியவளுக்கும் அவள் வயிற்றில் பிறந்தவளுக்கும் தவிர, யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி எண்ணியபோது சற்று ஆறுதலாகவே இருந்தது. அந்த ஆறுதல்தான் அவளைத் திடுக்கிட வைத்தது. வேலாயுதத்தின் கடையிலிருந்து திரும்பும் வழியிலும் இதே ஆறுதல் வந்தது. இதே சுவை, இதே குளிர்ச்சி. தை மாசம் பாப்போம் என்று அவர் சொன்னபோது, உள்ளே ஒரு மூலையில், அப்பாடா என்றிருந்தது.

வண்டி ஓர் உலுக்கலோடு நகர்ந்தது. எட்டாவது பாட்டு தொடங்கியிருந்தது. இது மேடையில் பிறந்ததன்று. இந்த ஆண்டு பங்குனியில், நிரஞ்சனா கல்லூரிக்கும் சுந்தரமூர்த்தி அலுவலகத்துக்கும் போன பிறகு, பாத்திரம் கழுவி முடித்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மெட்டு வந்தது. ‘எதிர் நாற்காலியில் காலை நீட்டினேன், வெயில் வந்து பாதத்தில் உட்கார்ந்தது.’ வெடித்த குதிகாலும் மெட்டிபட்ட தழும்பும் உள்ள பாதம். இருபத்தாறு வயதுக்காரிக்கு இந்தப் பாட்டைக் கொடுத்தால் விழிப்பாள். காலை நீட்டியதில் பாட வேண்டியது என்ன இருக்கிறது என்பாள். இது நாற்பத்தொன்பது வயதுக்காரியின் மகிழ்ச்சி, சின்னது, முழங்கால் வலியோடு கூடியது, ஆனால் அவளுடையது. அவளுடையதாகவே இருந்தும், இதையும் அவள் மற்ற ஏழைப்போலவே பாடியிருந்தாள். ‘உட்கார்ந்தது’ என்பதைத் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தாள். உரியவள் அறைக்குள்ளேயே, ஒலிவாங்கிக்கு முன்னாலேயே, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தனக்கும் இடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கிறாள். மற்ற ஏழுக்கும் வராதவளுக்காக வருத்தப்படலாம். இதற்கு என்ன சொல்வது? முகம் சூடாயிற்று. வெட்கமா, சினமா என்று பிரிக்கத் தெரியவில்லை. மாம்பலத்தில் கூட்டம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக முட்டி மோதிற்று, எதிர் இருக்கைக்காரி, “நவுருங்கம்மா, எறங்க விட்டாத்தானே ஏறுவீங்க!” என்று கத்திக்கொண்டே இறங்கிப்போனாள். பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்த அமைதிக்குள் கைப்பேசி அதிர்ந்தது. ஜெரால்டு.

“அக்கா, எங்க வந்துட்டிருக்கீங்க? மணி ரெண்டாச்சு. அனுப்பிடட்டா?” அவன் பின்னணியில் ஒட்டுப்பட்டையைக் கிழிக்கும் ஒலி கேட்டது, அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறான். சரி என்ற சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். “ஜெரால்டு, கடைசிப் பாட்டை மட்டும் திரும்பப் பாடணும்ப்பா.” பட்டை கிழியும் ஒலி நின்றது. “எதிர் நாற்காலியா? அது நல்லாத்தானேக்கா இருக்கு.” “நல்லாத்தான் இருக்கு.” “அப்ப மத்தது?” “மத்ததெல்லாம் அப்படியே போகட்டும்.” “மத்ததுலயும் எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வருத்தப்படாதீங்க.” தமயந்தி சன்னலுக்கு வெளியே பார்த்தாள், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு மாடிகளில் துணிகள் உலர்ந்தன. “வருத்தப்படுவேன். ஆனா அதுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அதை அப்பவே பாடியிருக்கணும்.” அவனுக்குப் புரிந்திருக்காது, போன மாதத்தைச் சொல்கிறாள் என்று எண்ணியிருப்பான். “மைக்கைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேனேக்கா.” “திரும்ப மாட்ட முடியாதா?” “மாட்டலாம், மாட்டறதுக்கென்ன. ஆனா ஒரு டேக்குக்குத்தான் நேரம் இருக்கும். மிக்ஸ் வேற பண்ணணும், ஏர்போர்ட்டுக்கு வேற போகணும். சொதப்பிச்சுன்னா பழசைத்தான் போடணும்.” “சரி.” “எப்படிப் பாடப் போறீங்கன்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி செட் பண்ணி வச்சிருவேன். மெதுவாவா? இல்ல, கொஞ்சம் ஓப்பனாவா?”

பத்மஜா மேடம் இதை எப்படிப் பாடுவார் என்று அவன் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள்: ‘நீட்டினேன்’ என்பதில் ஒரு கொஞ்சல், ‘பாதத்தில்’ என்பதில் ஓர் அதிர்வு, முடிவில் மூச்சோடு கலந்த ஒரு சிரிப்பு. அவருக்குப் பின் வந்த இளைய பாடகிகள் மூவரையும் பாடிக் காட்டியிருப்பாள். ஒருத்தி மூக்கால் பாடுவாள், ஒருத்தி சொற்களை மென்று பாடுவாள், ஒருத்தி தூக்கத்தில் எழுப்பியதுபோல் பாடுவாள். சிமெண்டு மேடையிலிருந்த பெண் எப்படிப் பாடியிருப்பாள் என்றுகூட இப்போது தெரியும். கால் நீட்டி அமர்ந்திருந்த அந்த ஒருத்தி எப்படிப் பாடுவாள்? அவளைத் தமயந்தி கேட்டதேயில்லை. வண்டி வேகம் குறைந்து கோடம்பாக்கத்துக்குள் நுழைந்தது. அவள் எழுந்து, கூட்டத்தில் பெட்டி நசுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் போனாள்.

“தெரியலப்பா,” என்றாள்.

“தெரியலையா?” ஜெரால்டு சிரித்தான். “விளையாடாதீங்கக்கா. இருபத்தஞ்சு வருஷமாப் பாடறீங்க.”

“ஆமா. நீ மைக்கை மாட்டி வை. வந்துட்டிருக்கேன்.”